மின்னூலைச் சும்மா கொடுப்பதா, விலை வைப்பதா? திருகோணமலை எழுத்தாளர்களிடம் ஒரு கேள்வி

உவர்மலை_எழுத்து:
என்னுடைய மூன்று சிறுகதைத் தொகுதிகளையும் மின்னூலாக்கி இலவசமாகவே விட யோசிக்கிறேன். அச்சில் வந்தபோது அவை எல்லாரும் போகிற வழியில்தான் போயின: வெளியீட்டு விழா, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, காசு வைத்த என்வலப். வந்த காசு அச்சகத்துக்குச் சரி. விழாவுக்கு வந்தவர்களைத் தாண்டிப் புத்தகம் போகவில்லை. 2022 கடதாசித் தட்டுப்பாட்டுக்குப் பிறகு அச்சுச் செலவு எங்கே போய் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அமேசனில் போடச் சொல்கிறார்கள். அங்கே வைக்கக்கூடிய ஆகக் குறைந்த விலை 99 அமெரிக்கச் சதம். அதில் எழுத்தாளருக்கு 35 வீதம். டொலர் 300 ரூபா என்று வைத்தால் கைக்கு வருவது ஒரு நூறு ரூபா. வாங்குகிறவரிடம் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்துவிட்ட கார்ட் இருக்க வேண்டும். குச்சவெளியிலும் ஈச்சிலம்பற்றிலும் என் கதைகளை வாசிக்கக்கூடிய பிள்ளைகளிடம் அது ஏது? அந்த நூறு ரூபாவுக்காக அவர்களை வெளியே நிறுத்த எனக்கு மனமில்லை.

சாம்பல்தீவு_வாசகி:
அண்ணா, உங்கட மனம் விளங்குது. ஆனா இதில நான் உங்களோட இல்லை.

வட்ஸ்அப் குழுவில ஒரு பிடிஎஃப் வந்தால் என்ன நடக்குது? நன்றி எண்டு போட்டிட்டு அடுத்த குழுவுக்கு அனுப்புறம். திறந்து பார்க்கிறவை எத்தினை பேர்? காசு குடுத்து வாங்கினதை நாலு பக்கமாவது புரட்டிப் பார்ப்பம்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை ஒண்டு இருக்கு. நீங்கள் பேர் எடுத்த எழுத்தாளர், உங்களுக்குப் பென்சன் வருது. நான் சிறுவர் கதை எழுதி அதில ஒரு சின்ன வருமானம் பார்க்க நிக்கிறன். "அவரே சும்மா தாறார், உங்களுக்கென்ன" எண்டு என்னட்டத்தான் கேப்பினம். ஏற்கனவே கேட்டும் இருக்கினம். மேளக்காரருக்குக் கூலி, பந்தல்காரருக்குக் கூலி, எழுதினவருக்கு மட்டும் பொன்னாடை எண்டதுதான் எங்கட ஊர் வழக்கம். அதை நீங்களும் சேர்ந்து உறுதிப்படுத்தாதேங்கோ.

கிண்ணியா_ஆசிரியர்:
சகோதரி சொல்கிற கூலிப் பிரச்சினை உண்மையானது. ஆனால் இலவசமாகக் கிடைத்தால் வாசிக்கமாட்டார்கள் என்பதை ஒரு ஆசிரியராக என்னால் ஏற்க முடியாது. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தொடங்கியது. நூலகம் தளம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்தி வருகிறது. இரண்டுக்கும் வாசகர் ஒரு சதம் கொடுப்பதில்லை. உயர்தரத்தில் தமிழ் எடுக்கும் என் மாணவர்கள் ஒப்படை என்றால் முதலில் தேடுவது நூலகத்தில்தான். அங்கே இல்லாத எழுத்தாளர் அவர்களுக்கு இல்லாதவர்தான்.

நம் ஊர்க்காரர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் எழுதியது மோகனாங்கி. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்கிறோம். அதன் பிரதியைக் கண்ணால் கண்டவர்கள் நெடுங்காலம் இங்கே மிக அரிது. பிரதி பெருகாத நூலுக்கு வரும் கதி அது. உவர்மலை சேர், தயவுசெய்து பின்வாங்க வேண்டாம்.

திருமலையான்_ரொறொன்ரோ:
ஊராக்களுக்குச் சும்மா குடுங்கோ, சந்தோசம். எனக்கு ஏன் சும்மா தாறீங்கள்? ஊரிலயிருந்து ஒரு புத்தகம் எடுப்பிச்சால் புத்தக விலையை விடத் தபால் காசு கூட. 2.99 டொலர் போடுங்கோ, கனடாவிலயும் லண்டனிலயும் இருக்கிற நாங்கள் வாங்குவம். ஊராக்களுக்கு வேற இடத்தில இலவசமா வையுங்கோ. இல்லாட்டி அமேசனில செலக்ட் எண்டொரு திட்டம் இருக்கு. அதில சேர்ந்தால் 90 நாளைக்குள்ள 5 நாள் இலவசமா விடலாம். அந்த நாளில ஊர்ப் பிள்ளையள் இறக்கட்டும்.

பக்கவடிவமைப்பு_திருமலை:
ரொறொன்ரோ அண்ணா, நீங்கள் சொன்ன இரண்டையும் ஒரே புத்தகத்துக்குச் செய்ய முடியாது. நான் மின்னூல் செய்து கொடுக்கிறவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செலக்டில் சேர்ந்தால் அந்த 90 நாளும் மின்வடிவம் அமேசனில் மட்டும்தான் இருக்கலாம். நூலகம் தளத்திலும் வைக்கக்கூடாது, சொந்த வலைப்பூவிலும் வைக்கக்கூடாது. அச்சுப் பிரதிக்குத் தடையில்லை.

செலக்டில் சேராமல் 2.99 போட்டுவிட்டு வேறு இடத்தில் இலவசமாக வைத்தால், அமேசன் தன் விலையையும் பூச்சியத்துக்கு இறக்கலாம். இறக்குவதும் விடுவதும் அவர்கள் கையில். வேண்டுமென்றே அப்படி இறக்க வைத்து நிரந்தர இலவசம் ஆக்குகிறவர்களும் உண்டு, ஏனென்றால் நேரடியாகப் பூச்சியம் போட அங்கே வழியில்லை.

அடுத்தது பங்கு. 2.99 முதல் 9.99 வரை விலை வைத்தால் 70 வீதம் கேட்கலாம். ஆனால் அது அவர்கள் பட்டியலில் உள்ள நாடுகளில் நடக்கும் விற்பனைக்கு மட்டும். கனடா, பிரித்தானியா, இந்தியா அதில் உண்டு. இலங்கை இல்லை. இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் செலக்டிலும் சேர வேண்டும். ஆக, திருகோணமலையிலிருந்து ஒருவர் 900 ரூபா போல கொடுத்து வாங்கினாலும் எழுத்தாளருக்கு 35 வீதம்தான். எங்கள் ஆட்களுக்குத்தான் விலை பாரம், எங்கள் ஆட்கள் வாங்கினால்தான் பங்கும் குறைவு. இதை யோசித்தால் எனக்கு வயிறு எரியும்.

கோப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். அமேசனின் மின்னூல் வாசிப்பான் கிண்டில் 2016 கடைசியில் தமிழை முறைப்படி ஏற்றது. ஆனால் எங்கள் அச்சகங்களில் பழைய புத்தகங்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கின்றன. அதை யுனிகோடுக்கு மாற்றினால் எழுத்துகள் அங்கங்கே உடையும், ஒவ்வொரு வரியாக ஒப்புநோக்க வேண்டும். வாசகருக்கு இலவசமாகப் போகும் புத்தகத்துக்கும் இந்த உழைப்பு உண்டு.

சாம்பல்தீவு_வாசகி:
தம்பி சொன்ன கடைசி வரியைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறன். ஒரு ஆள் கட்டாயம் காசு குடுக்கவேணும், அது எழுத்தாளர்தான்.

இன்னொண்டும் கவனியுங்கோ அண்ணா. இலவசம் எண்டவுடன, ஆரும் நகலெடுத்துப் பரப்பலாம் எண்டு விடுற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில போடச் சொல்லுவினம். அது ஒருக்கா குடுத்தால் திருப்பி எடுக்கேலாது. நாளைக்கு ஒரு பதிப்பகம் முழுத்தொகுப்புக் கேட்டு வந்தாலும் ஏற்கனவே எடுத்தவையின்ர உரிமை அப்பிடியே இருக்கும்.

மூதூர்_கவிதை:
இலவசமோ விலையோ, ஸ்கேன் பண்ணின பிடிஎஃப் மட்டும் வேண்டாம். இங்க சின்னப் போனில எழுத்தைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சு வாசிக்க ஏலாது. டேட்டாவும் முடிஞ்சிரும். திரைக்கு ஏத்த மாதிரி எழுத்து அமையிற ஈபப் கோப்பு ஆக்கினால் கதைப்புத்தகம் ஒரு எம்பிக்குள்ள வரும்.

உவர்மலை_எழுத்து:
எல்லாம் வாசித்தேன். உரிமம் பற்றிச் சாம்பல்தீவுத் தங்கச்சி சொன்னது முக்கியம். நான் கிரியேட்டிவ் காமன்ஸுக்குப் போகவில்லை. பதிப்புரிமையை என்னிடமே வைத்துக்கொண்டு, நூலகம் தளத்தில் வைக்க அனுமதி மட்டும் கொடுப்பேன்.

கூலி விசயத்தில் என் பதில் இது. என் பங்கை நான் விடுவது இன்னொருவர் பங்கை விடச் சொல்வதாகாது. நூலகத்துக்குக் கொடுக்கும் பிரதியின் முதல் பக்கத்தில் அச்சு விலையையும், மின்னூலாக்க நான் கொடுத்த காசையும் எழுதிவிடுகிறேன். வாசிக்கிற பிள்ளைக்கு இது ஒருவர் காசில் வந்தது என்று தெரியட்டும்.

முதல் இரண்டு தொகுதியும் அப்படிப் போகும். மூன்றாவதை ரொறொன்ரோத் தம்பிக்காக 2.99க்கு, செலக்டில் சேராமல் வைக்கிறேன். அதை வேறெங்கும் இலவசமாக வைக்கமாட்டேன்.

திருமலையான்_ரொறொன்ரோ:
போட்டவுடன இணைப்பை இங்க தாங்கோ. சங்கத்தில சொல்லி வாங்கப் பண்ணுறது என்ர பொறுப்பு.

கிண்ணியா_ஆசிரியர்:
மூன்றாவதும் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும் சேர். பாடசாலை நூலகத்துக்கு அச்சுப் பிரதி இருந்தால் காசு கொடுத்தே எடுக்கிறோம்.

சாம்பல்தீவு_வாசகி:
மூண்டாவதுக்கு விலை வைக்கிறது சரி. முதல் ரெண்டுக்கும் எனக்கு இன்னும் சம்மதமில்லை. முதல் பக்கத்தை ஆர் வாசிக்கிறது? தட்டிக்கொண்டு கதைக்குத்தான் போவினம்.

பக்கவடிவமைப்புத் தம்பி, என்ர சிறுவர் கதைக்குக் கணக்குச் சொல்லுங்கோ. எல்லாப் பக்கத்திலயும் நிறப்படம் இருக்கு. நான் சும்மா குடுக்கப் போறதில்லை. 70 வீதம் எடுப்பமோ?

பக்கவடிவமைப்பு_திருமலை:
எடுக்க வேண்டாம் அக்கா. 70 வீதத்தில் எம்பிக்கு 15 சதம் அனுப்பும் செலவு என்று அமெரிக்கக் கடையில் முதலில் கழிப்பார்கள், 35இல் அது இல்லை. உங்கள் கோப்பு 12 எம்பி என்று வைப்போம். கழிவு 1.80. 2.99இல் மிஞ்சும் 1.19க்கு 70 வீதம் என்றால் 83 சதம். அதே விலைக்கு 35 வீதம் எடுத்தால் ஒரு டொலர் 5 சதம். படத்தின் தரத்தை அளவாகக் குறைத்து 3 எம்பிக்குள் கொண்டுவந்தால் 70 எடுக்கலாம், ஒரு டொலர் 78 சதம் வரும். படங்களின் மூலக் கோப்புகளை அனுப்புங்கோ, பார்த்துச் சொல்கிறேன்.