டெட்நேமிங்: தொழிற்சங்கக் கையேட்டுக்கு ஒரு சொல்

> 'இறந்த பெயரால் அழைத்தல்' என்றே போட்டுவிடலாமே? எளிதாக இருக்கிறது.

வணக்கம் ஐயா,

மாறிய பாலினத்தவர் ஒருவரை அவர் விட்டுவிட்ட பழைய பெயரால் அழைப்பதுதான் டெட்நேமிங். அதற்கு நீங்கள் சொல்லும் சொல் எளிதுதான். ஆனால் படிப்பவர் அதைக் காலமானவரின் பெயர் என்று எடுத்துக்கொள்வார். இந்த இடத்தில் அந்தக் குழப்பம் வரவே கூடாது. 1998இல் ரீட்டா ஹெஸ்டர் என்ற திருநங்கை கொல்லப்பட்டபோது, அமெரிக்காவின் பாஸ்டன் நகர நாளிதழ்கள் அவரை ஆணாகக் குறிப்பிட்டு எழுதின. அவர் நினைவாகத் தொடங்கியதுதான், கொல்லப்பட்ட மாறிய பாலினத்தவருக்கான நவம்பர் 20 நினைவு நாள். கொலைக்குப் பிறகும் பெயரைப் பறிக்கும் வேலை நின்றுவிடுவதில்லை.

என் பரிந்துரை: விட்டுவிட்ட பெயருக்குத் 'துறந்த பெயர்'. துறந்தது அவரே என்பது இதில் விளங்குகிறது. அந்தப் பெயரால் அழைக்கும் செயலுக்குப் 'பெயர்மறுப்பு'. கையேடு கண்டிக்க வேண்டியது செயலைத்தானே?

பணியிடத்தில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில், எல்லோரும் கேட்கும்படி மேற்பார்வையாளர் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். நாலு பேர் சிரிப்பார்கள். அடையாள அட்டையிலும் சம்பளச் சீட்டிலும் அதே பெயர்தான் இருக்கும். கேட்டால் "ரெக்கார்டில் அப்படித்தான் இருக்கிறது" என்பார்கள். ஆகவே ஆவணமும் இந்தச் சொல்லுக்குள் வர வேண்டும்.

'பெயர்மறுப்பு' என்றால் பெயர் சொல்ல மறுப்பது என்று பொருள்படாதா என்று கேட்டிருந்தீர்கள். தனியே நின்றால் படலாம். அதனால் வரையறையோடு சேர்த்தே தருவோம்:

"ஒருவர் துறந்த பெயரால் அவரை வேண்டுமென்றே அழைப்பதும், அவர் கேட்ட பிறகும் பணி ஆவணங்களில் அதையே வைத்திருப்பதும் பெயர்மறுப்பு. ஒருமுறை நடந்தாலும் அது துன்புறுத்தலே."

கடைசி வரியை நான் சும்மா சேர்க்கவில்லை. பணியிட வன்முறை பற்றி சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019இல் ஏற்ற 190ஆம் உடன்படிக்கை, ஒருமுறை நடந்தாலும் மீண்டும் மீண்டும் நடந்தாலும் துன்புறுத்தல்தான் என்கிறது. அதனுடன் வந்த பரிந்துரையின் வரைவில், எளிதில் பாதிக்கப்படுவோர் பட்டியலில் மாறிய பாலினத்தவரும் இருந்தார்கள். சில அரசுகள் எதிர்த்ததால் பட்டியலே போய்விட்டது. அதனால்தான் ஒவ்வொரு சங்கமும் தன் ஒப்பந்தத்தில் இதைப் பெயர் சொல்லி எழுத வேண்டியிருக்கிறது.

பழகிய வாய் தவறிச் சொல்லிவிட்டு உடனே திருத்திக்கொள்ளும் சக தொழிலாளியை இதில் சேர்க்க வேண்டாம். 'வேண்டுமென்றே' என்பது அவருக்காக.

அப்புறம், 'வந்தான்', 'வந்தாள்' என்று வினையிலேயே பாலை மாற்றி இழிவுசெய்வதற்குத் தனிச்சொல் வேண்டும். 'பால்மறுப்பு' சரிவருமா?