கடலோர ஸ்டார்ட்டர் பெட்டிக்கு எந்த அலுமினியத் தகடு?

கேள்வி:
காரைக்குடியில் பேனல் பெட்டி செய்யும் பட்டறை நடத்துகிறேன். தொண்டிக் கரையோர இறால் பண்ணைகளுக்கு மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிகள் கேட்கிறார்கள். இரும்புத் தகட்டில் பெயிண்டுக்கு அடியிலேயே துரு பரவிவிடுவதால், 2 மி.மீ. அலுமினியத் தகட்டுக்கு மாற எண்ணுகிறேன். வலுவானது என்று சொல்லிக் கடைக்காரர் 6061 டி6 தகட்டைப் பரிந்துரைக்கிறார். மடித்து, மூலைகளை வெல்டிங் செய்யும் வேலைக்கு அது ஒத்துவருமா?

மறுமொழி 1:
வேண்டாம் ஐயா. டி6 பதத்திலுள்ள, அதாவது சூடேற்றிக் கடினமாக்கிய, 6061 அலுமினியக் கலவைத் தகட்டை இறுக்கமாக மடித்தால் மடிப்பின் வெளிப்புறத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு விழும். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அதன் வலுவும் வெகுவாக இறங்கிவிடும். 5052 எச்32 என்ற, ஓரளவே கடினமாக்கிய கலவைத் தகட்டை வாங்குங்கள். அதில் 2.2 முதல் 2.8 சதவீதம் வரை மக்னீசியம் உண்டு, செம்போ மிகக் குறைவு. ஆகவே நன்றாக மடங்கும், உப்புக்காற்றையும் தாங்கும். வெல்டிங்குக்கு 5356 அலுமினிய நிரப்புக் கம்பி பொருந்தும்.

மறுமொழி 2:
தகட்டை மட்டும் பார்த்தால் போதாது. கேபிள் நுழையும் துளையில் மாட்டும் வெறும் பித்தளை கிளாண்டை அலுமினியத்தில் நேரடியாகப் பொருத்தினால், உப்பு ஈரம் படும்போது கிளாண்ட் தப்பித்து, அதைச் சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நைலான் கிளாண்டே நல்லது. வார்ப்புப் பெட்டி வாங்குவதானால், செம்பு அதிகமுள்ள ஏடிசி12 வார்ப்புக் கலவை வேண்டாம், செம்பு குறைந்த எல்எம்6 கலவை கேளுங்கள். அரிப்பை ஆராயும் சிக்ரி ஆய்வகம் 1953 முதல் நம்மூரிலேயே இருப்பதால், ஐயமிருந்தால் அங்கு விசாரிக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பவுடர் கோட்டிங் செய்த பிறகு எர்த் இணைப்பை எப்படிக் கொடுப்பது?

மறுமொழி 1:
எர்த் போல்ட் வரும் இடத்தைக் கோட்டிங்கின்போதே மறைத்துவிடுங்கள். வயர் முனையில் மாட்டும் வெள்ளீயம் பூசிய செம்பு லக், ஸ்டெயின்லெஸ் போல்ட், இணைப்புக்கான கிரீஸ் ஆகியவற்றைப் பயன்படுத்தி, கதவுக்கும் தனியாக எர்த் வயர் கொடுங்கள், கீலை நம்பாதீர்கள்.