பனியன் சம்பள ஒப்பந்தம்: "எந்தச் சம்பளத்து மேலங்க?"

திருப்பூரில் பனியன் தொழிலாளர் சம்பள ஒப்பந்தத்தை வழக்கமாக நான்கு ஆண்டுக்கு ஒருமுறை போடுவார்கள். அந்தப் பக்கம் முதலாளிகள் சங்கங்கள், இந்தப் பக்கம் தொழிற்சங்கங்கள் எல்லாம் கூட்டாக. நான் தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்தபோது ஒருமுறை எங்கள் சங்கம் என்னையும் பேச்சுவார்த்தைக்குக் கூட்டிப்போனது.

கோரிக்கை மனு எழுதவே பல ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கட்டிங், டெய்லர், அயர்ன், பேக்கிங், செக்கிங், கைமடி என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனிச் சம்பளம் கேட்க வேண்டும். அதற்கு மேல் விலைவாசி ஏற்றத்துக்கான பஞ்சப்படி, பயணப்படி, வீட்டு வாடகைப்படி. முதல் சில சுற்றுகளில் நூல் விலை, ஆர்டர் இல்லை, பங்களாதேஷ் போட்டி என்றே பேச்சு ஓடியது. அப்புறம் மெதுவாகச் சதவீதத்துக்கு வந்தார்கள். சொன்ன சதவீதம் எனக்குப் பெரிதாகத்தான் பட்டது. பக்கத்தில் இருந்த மூத்த தோழர் மட்டும் கேட்டார்: "எந்தச் சம்பளத்து மேலங்க?"

விஷயமே அதில்தான் இருந்தது. ஒரு கணக்கு சொல்கிறேன். பழைய ஒப்பந்தத்தில் ஷிப்டுக்கு 400 ரூபாய் என்று வையுங்கள். ஆள் கிடைக்காததால் கம்பெனி 460 கொடுத்துக்கொண்டிருக்கிறது. 15 சதவீத உயர்வை 400 மேல் போட்டால் வருவது அதே 460. கைக்கு ஒரு ரூபாய்கூட ஏறாது. 460 மேல் போட்டால் 529. மாதம் 26 ஷிப்டுக்கு 1,794 ரூபாய் கூடும். எங்கள் லைன் வீட்டு வாடகையில் பாதி அது.

"அம்மிணி, உங்க கவரைக் காட்டுங்க" என்றார் தோழர். பையில் சனிக்கிழமைச் சம்பளக் கவர் இருந்தது. அதன் மேல் ஷிப்ட் கணக்கைப் பென்சிலில் எழுதியிருந்தார்கள். மேசையில் வைத்தேன், கை நடுங்கியது. "நடப்பில் வாங்கும் சம்பளத்தின் மேல்" என்ற நான்கு சொல்லுக்காக மேலும் மூன்று சுற்று உட்கார்ந்தோம். கடைசியில் அந்த வரி ஒப்பந்தத்தில் ஏறியது. கையெழுத்துக்கு முன்னால் கம்பெனி வாசலில் கேட் மீட்டிங் போட்டு வரிவரியாகப் படித்துக் காட்டினோம். அதைச் செய்யாமல் எந்தச் சங்கமும் கையெழுத்துப் போடக் கூடாது என்பேன்.

இதைப் படித்துவிட்டு அவிநாசியிலிருந்து ஒருவர் எழுதியது: அக்கா, பஞ்சப்படி என்றதும் அப்பா ஞாபகம். 1984இல் அதற்காகத்தான் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அப்பா கட்டிங் மாஸ்டர். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது, அரிசிக்குப் பதில் ராகிக் களி. இன்றைக்குச் சம்பளக் கணக்கில் பஞ்சப்படி என்று ஒரு வரி இருந்தால், அது சும்மா வந்ததில்லை.

கோவை மில்லில் ஓய்வு பெற்றவர் எழுதியது: எங்கள் மில்லில் மூன்றாண்டு ஒப்பந்தம். சதவீதம் படிந்த பிறகும் நிர்வாகம் "நமக்குள்ளேயே எழுதிக்குவோம்" என்றது. அப்போது நடப்பில் இருந்த 1947 தொழில் தகராறு சட்டத்தில் அது 18(1) பிரிவு. கையெழுத்துப் போட்ட தரப்பை மட்டும்தான் அது கட்டுப்படுத்தியது. நாங்கள் தொழிலாளர் துறைக்குப் போய், சமரச அலுவலர் முன் 12(3) பிரிவில் போட்டோம். அப்படிப் போட்டால் சங்கத்தில் சேராதவர், பின்னால் வேலைக்கு வருபவர் எல்லோருக்கும் அந்தச் சட்டப்படி பொருந்தியது. ஸ்பின்னிங்கில் நிரந்தர ஆள் வராத நாளில் அவருக்குப் பதில் வேலை செய்த பதிலிப் பையன்கள் எந்தச் சங்கத்திலும் இல்லை. அடுத்த சம்பளத்தில் அவர்களுக்கும் உயர்வு வந்தது. இரண்டு பேர் டீக்கடையில் வந்து, "இது எங்களுக்குமாங்க?" என்று கேட்டார்கள்.