‘கேப்டன் பிலிப்ஸ்’: கப்பலைக் காத்தது பிரிட்ஜா, இன்ஜின் ரூமா?

சுக்கான்:
2013இல் பால் கிரீன்கிராஸ் எடுத்த இந்தப் படத்தை “நடந்தது அப்படியே இருக்கிறது” என்று பாராட்டுகிறார்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2009 ஏப்ரல் 8 அன்று, சோமாலியாவின் எய்ல் ஊருக்குத் தென்கிழக்கே சுமார் 240 கடல் மைலில், மெர்ஸ்க் அலபாமா சரக்குக் கப்பலில் நான்கு சோமாலியக் கடற்கொள்ளையர்கள் ஏறினார்கள். ஆனாலும் கப்பல் அவர்கள் கைக்குப் போகவில்லை. அதற்குக் காரணம் கீழே இருந்த பொறியாளர்கள். படமோ கேப்டன் பிலிப்ஸாக வரும் டாம் ஹாங்க்ஸின் முகத்தை விட்டு நகர்வதே இல்லை.

திரைக்கண்:
கேமரா கேப்டன் பக்கம்தான், சரி. ஆனால் எதை மறைத்தார்கள்? தலைமைப் பொறியாளர் மைக் பெரி கரண்டை நிறுத்துகிறார். செருப்பில்லாமல் வரும் கொள்ளையர் பையன் நடக்கும் வழியில் கண்ணாடித் துண்டுகளைப் பரப்புகிறார்கள். இருட்டில் கொள்ளையர் தலைவன் முசேயை மடக்குகிறார்கள். எல்லாமே படத்தில் இருக்கிறதே.

சுக்கான்:
“கரண்டை நிறுத்தினார்” என்பது ஒரு சுவிட்ச் வேலை இல்லை, அதனால்தான் சொல்கிறேன். முதலில் மெயின் இன்ஜின் கட்டுப்பாட்டை, கப்பலை ஓட்டும் மேல் அறையான பிரிட்ஜிலிருந்து கீழே கன்ட்ரோல் ரூமுக்கு மாற்ற வேண்டும். பிறகு சுக்கானைத் திருப்பும் இயந்திரம் இருக்கும் ஸ்டியரிங் கியர் ரூமில், அங்கிருந்தே இயக்கும் லோக்கல் கட்டுப்பாட்டுக்குப் போக வேண்டும். அதோடு மேலே இருப்பவர் சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் சுக்கான் அசையாது. அதற்குப் பிறகுதான் ஜெனரேட்டர். அதை நிறுத்தினாலும் வேலை முடியாது. விதிப்படி எமர்ஜென்சி ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் தானே ஓடி விளக்கைப் போட்டுவிடும். அது இன்ஜின் ரூமிலும் இருக்காது, மேல்தளத்துக்கும் மேலே தனி அறையில் இருக்கும். ஏகே 47 சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வெளியே போய் அதை முடக்க வேண்டும். ஃபேனும் நின்றுவிடும், ஒளிந்திருந்தவர்கள் பல மணி நேரம் அந்த வெக்கையில் கிடந்தார்கள்.

முசே மீது பாய்ந்து பிடித்தவர் பெரி. படத்தில் அது கூட்டமாகச் செய்த வேலை ஆகிவிட்டது. அதைவிட முக்கியம், சுக்கானை இப்படியும் அப்படியும் வீசித் திருப்பியே கொள்ளையரின் படகில் தண்ணீர் ஏற்றினார்கள். வந்த படகு போனதால்தான், கேப்டனைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க அவர்களுக்குக் கப்பலின் லைஃப்போட் (உயிர்காப்புப் படகு) தேவைப்பட்டது. கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

அலைவாய்:
இருவருமே லைஃப்போட்டை மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போகிறீர்கள். படத்தின் சரிபாதி அதற்குள் நடக்கிறது, அந்தப் பாதி சரியாகவே வந்திருக்கிறது. சுமார் 28 அடி நீளம், முழுக்க மூடிய ஃபைபர் கூடு. கழிப்பறை கிடையாது, காற்றோட்டம் கிடையாது. விதி கேட்கும் குறைந்தபட்ச எரிபொருள், 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் 24 மணி நேரத்துக்கு. பெருக்கினால் 144 கடல் மைல். ஏறிய இடத்திலிருந்து எய்லுக்கு அது போதாது. டீசல் தீர்ந்து மிதந்த படகில் நான்கு துப்பாக்கிக்காரர்களும் ஒரு பிணைக்கைதியும். அந்தப் புழுக்கமும் எரிச்சலும் நடிப்பில் தெரிகிறது. முசேயாக வந்த பர்காத் அப்திக்கு பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருது கிடைத்தது நியாயம்தான்.

கடைசிச் சுடுதலையும் குறை சொல்ல முடியாது. அமெரிக்கக் கடற்படையின் பெயின்பிரிட்ஜ் போர்க்கப்பல் லைஃப்போட்டைக் கயிற்றில் கட்டி இழுத்தது. கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும் கயிற்றைச் சுருக்கினார்கள். தூரம் 25, 30 மீட்டர்தான், ஆனாலும் சுலபமில்லை. பெரிய கப்பல் ஆடும் தாளம் வேறு, சிறு படகு ஆடும் தாளம் வேறு. போர்க்கப்பலிலிருந்து குறிபார்ப்பவர்களுக்கு மூன்று கொள்ளையரின் தலைகளும் ஒரே கணத்தில் தெரிய வேண்டும், ஒன்று தவறினாலும் கேப்டன் உயிர் போய்விடும். ஏப்ரல் 12 அன்று அந்தக் கணம் வாய்த்தது. முசே அப்போது போர்க்கப்பலில் இருந்ததால் பிழைத்தார். 33 ஆண்டு 9 மாதம் சிறைத்தண்டனை.

திரைக்கண்:
அதற்குப் பிறகு வரும் மருத்துவக் காட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரிசோதிப்பவர் நடிகை இல்லை, கடற்படையில் அதே வேலை பார்ப்பவர். காட்சியைப் படப்பிடிப்பில் அங்கேயே உருவாக்கினார்கள். அதிர்ச்சியில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் ஹாங்க்ஸ் அப்படி உடைகிறார்.

சுக்கான்:
அந்தக் காட்சியில் எனக்கும் குறை இல்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர், மாலுமிகளுக்காகத் தன்னையே ஒப்படைத்த கேப்டன் என்று நினைக்கிறார். அப்படி நடக்கவில்லை. முதல் நாளிலிருந்தே அவர் பிடிபட்டுத்தான் இருந்தார். முசேயைக் கொடுத்து அவரை மீட்க மாலுமிகள் பேசினார்கள். அவர்கள் சொன்னபடி முசேயை விட்டார்கள், எதிர்த்தரப்பு கேப்டனை விடவில்லை. எச்சரிக்கை வந்தும் கரையிலிருந்து 600 மைல் விலகிப் போகவில்லை என்று மாலுமிகள் சிலர் வழக்கே போட்டார்கள். படத்தில் எச்சரிக்கை மின்னஞ்சல் ஒன்று தலைகாட்டிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

அலைவாய்:
வழக்கில் வைத்தது குற்றச்சாட்டு, தீர்ப்பு அல்ல. இந்தக் கப்பலையே 2009 நவம்பரில் மறுபடி தாக்கினார்கள். அப்போது ஆயுதம் ஏந்திய காவலர்கள் இருந்தார்கள், விரட்டிவிட்டார்கள். தீயணைப்புக் குழாயில் தண்ணீரைப் பீய்ச்சுவதெல்லாம் ஏறுகிறவரைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. 18 நாட் வேகத்துக்கு மேல் ஓடும் கப்பலில் கொள்ளையர் ஏறியதாகத் தகவல் இல்லை என்று கப்பல்துறை வழிகாட்டி பிற்பாடு எழுதியது. வேகமும் காவலும் இல்லாத கப்பலில் கேப்டன் ஒருவரை மட்டும் குற்றம் சொல்வது எப்படி?

எனக்குப் படத்தின்மேல் இருக்கும் வருத்தம் வேறு. ஐந்து நாளில் கடற்படை வந்து மீட்டுவிடும் என்ற எண்ணத்தை அது விதைக்கிறது. சோமாலியக் கொள்ளையர் பிடித்துவைத்த அஸ்பால்ட் வென்ச்சர் கப்பலில் 15 பேரும் இந்தியர்கள். 2011 ஏப்ரலில் மீட்புப் பணம் கைமாறிய பிறகும் 7 பேரை விடவில்லை, இந்தியக் கடற்படை பிடித்து வைத்திருந்த தங்கள் ஆட்களை விடச் சொன்னார்கள். அந்த 7 பேர் கரை சேர்ந்தது 2014 அக்டோபரில்.

திரைக்கண்:
அது வேறு படம், இன்னும் யாரும் எடுக்கவில்லை. ஸ்டியரிங் கியர் ரூம் விஷயத்தில் மட்டும் சுக்கான் சொல்வதை ஏற்கிறேன். படகு மூழ்கியதற்கும் லைஃப்போட் கேட்டதற்கும் உள்ள தொடர்பு படத்தில் எனக்குப் பிடிபடவே இல்லை.