குட்டி வீடு கட்டுகிறவர்களைத் தேடி வந்து பேசியவர்கள்

தீம்பார் பேத்தி (செந்தூல், கோலாலம்பூர்)

குட்டி வீடு, அதாவது பொம்மை வீடு, செய்கிற எல்லாருக்கும் இது நடந்திருக்கும். பசை காயுமுன்னே யாராவது பக்கத்தில் வந்து நின்று, குனிந்து பார்த்து, எதையாவது சொல்லிவிட்டுப் போவார்கள். வீடு கட்டிய கதையைவிட எனக்கு அந்த ஆட்களின் கதைதான் பிடிக்கும். என்னுடையதை முதலில் சொல்கிறேன், அப்புறம் நீங்களும் சொல்லுங்கள்.

நான் செய்வது ரப்பர் தோட்டத்து லயத்து வீடு, தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த வீடுகளில் ஒன்று. 1:12 அளவு, அதாவது நிஜத்தில் ஓர் அடி என்றால் இங்கே ஓர் அங்குலம். பலகைச் சுவர், தகரக் கூரை, முன்னால் அஞ்சடி என்கிற கூரை போட்ட நடை, பின்னால் அடுப்படி. அந்த லயத்தை நான் பார்த்ததே இல்லை. வீட்டில் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது, தாத்தா கதவு நிலையில் சாய்ந்து நிற்பது. தாத்தா ஐந்தடி ஏழங்குலம் என்று அம்மாவுக்குத் தெரியும். படத்தில் தாத்தாவை ஸ்கேலால் அளந்து, அதை வைத்தே கதவு, ஜன்னல், பலகையின் அகலம் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டேன்.

கூரைக்குத் தகரம் தேடிக் கடை கடையாக அலைய வேண்டாம். நிஜத் தகரத்தில் ஒரு நெளிவுக்கும் அடுத்த நெளிவுக்கும் இடையே 3 அங்குலம். 1:12இல் அது கால் அங்குலம். மெல்லிய அட்டைப்பெட்டியின் உள்ளே இருக்கும் நெளிவும் ஏறக்குறைய அதே கால் அங்குலம்தான்! ஈரத்துணியால் ஒற்றி மேல்தாளை உரித்துவிட்டால் கூரை தயார். சாம்பல் நிறம் அடித்து, ஆணி இறங்கும் இடத்திலும் தண்ணீர் சொட்டும் ஓரத்திலும் மட்டும் பழுப்பு நிறத்தைப் பஞ்சால் ஒற்றினால் துரு வந்துவிடும். கூரை முழுக்கத் துரு அடித்தால் பொய்யாகத் தெரியும்.

தீபாவளிக்குப் பெரியம்மாவும் மாமாவும் வந்திருந்தார்கள். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எல்லாம் சரிதான், காண்டாவை ஏன் அடுப்படியில சாத்தி வெச்சிருக்கே? அஞ்சடியிலதானே இருக்கும்" என்றார். ரப்பர் பால் வாளிகளைத் தோளில் தூக்குகிற கம்பு அது, சாத்தே இறைச்சி கோர்க்கும் குச்சியைச் சீவிச் செய்திருந்தேன். உடனே மாமா, "அஞ்சடியில வெச்சா விடியுமுன்ன காணாமப் போயிரும். அடுப்படிதான்" என்றார். பெரியம்மா விடவில்லை. கடைசியில் மாமா சொன்னார்: "அக்கா, நீ சொல்றது நீ வாக்கப்பட்டுப் போன தோட்டத்து வீடு. இது நம்ம வீடு."

அதற்கப்புறம் முறுக்கு யாருக்கும் இறங்கவில்லை. சாப்பாட்டு மேசை வரை போன சண்டை, குளியலறை எந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் எத்தனை வீட்டுக்கு ஒன்று என்று நீண்டுகொண்டே போனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். காண்டாவை இன்னும் ஒட்டவில்லை. யார் வருகிறார்களோ அவர்களுக்குத் தக்க இடத்தில் எடுத்துச் சாத்திவிடுவேன்.


கடைவீட்டுக்காரன் (ஜார்ஜ்டவுன், பினாங்கு)

அக்கா, உங்களுக்காவது வீட்டு ஆட்களோடு போச்சு. எனக்கு மாட்டியது கடைத்தெருவில்.

நான் செய்வது பழைய கடைவீடுகள், 1:24. மாடியில் மர ஜன்னல், கீழே கடை, முன்னால் தூண் வைத்த அஞ்சடி நடைபாதை. 1822இல் ராஃபிள்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்தில், கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை விட்டே தீர வேண்டும் என்று வைத்தார். அப்புறம் நம் ஊர்களிலும் அதே பழக்கம் வந்துவிட்டது. பெயர்தான் ஐந்தடி. நேரில் அளந்தால் ஒரு கடைக்கு இருப்பது அடுத்த கடைக்கு இருக்காது. 1:24இல் ஐந்தடி என்பது இரண்டரை அங்குலம். ஆனால் எல்லாவற்றையும் இரண்டரையாகவே வைத்தால் தெரு ராணுவ முகாம் மாதிரி நேராகிவிடும். அதனால் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு லெபோ பாசார் பக்கம் போனேன்.

ஜார்ஜ்டவுனை 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து, கேமராவோடு வருகிறவனை அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அளவு நாடாவோடு வருகிறவன் கதை வேறு. நான் ஒரு மளிகைக்கடை வாசலில் குனிந்து நாடாவை நீட்டினேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார், கடைப்பையனைக் கூப்பிட்டார். நடைபாதையில் இருந்த வெங்காய மூட்டை, மிளகாய் மூட்டை, பிளாஸ்டிக் வாளி அடுக்கு எல்லாம் மளமளவென்று உள்ளே போயின. பக்கத்துக் கடையிலும் நாற்காலி உள்ளே போனது. மாநகராட்சி ஆள் என்று நினைத்துவிட்டார்கள்!

"ஐயா, நான் பொம்மை வீடு செய்றவன்" என்றால் யார் நம்புவார்கள்? போனில் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம்தான் முகம் தெளிந்தது. பையனிடம், "மூட்டையெல்லாம் பழையபடி வை, தம்பி சரியா அளக்கட்டும்" என்றார். மூட்டை வெளியே இருக்கிற கடைதான் உண்மையான கடை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் அதுவே கருத்து. படம் எடுப்பதற்காகக் காலி செய்து, சாயம் பூசி வைத்த அஞ்சடியைச் செய்து என்ன பயன்?

போகும்போது ஒரு நிபந்தனை: அவர் கடையைச் செய்தால் பெயர்ப்பலகையில் போன் நம்பரும் இருக்க வேண்டுமாம். அந்த அளவில் எண் ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட வரவில்லை. அச்சுக்கடையில் அடித்துப் பார்த்தோம், மை பரவிவிட்டது. குட்டித் தரைக்கு ஒட்ட நான் அடிக்கக் கொடுத்த ஓட்டுப் படத் தாளை அச்சுக்கடைப் பெண் காட்டி, "அண்ணே, இது யார் வீட்டு பாத்ரூமுக்கு?" என்று கேட்டது தனிக்கதை.


ஆயிரம் ஓம் (செராஸ், கோலாலம்பூர்)

எனக்கு நடந்தது சின்னதுதான். குட்டி வீட்டுக்கு விளக்குப் போட ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். 12 வோல்ட் அடாப்டர், வெள்ளை எல்.ஈ.டி., கரண்டைக் குறைக்க 470 ஓம் ரெசிஸ்டர் என்று எழுதிக்கொண்டு போன சீட்டைக் கடை அங்கிளிடம் நீட்டினேன். எதற்கு என்று கேட்டார். கையால் வீட்டின் அளவைக் காட்டினேன். சீட்டை வாங்கி 470ஐ அடித்துவிட்டு 1000 என்று எழுதினார். வெள்ளையையும் அடித்துவிட்டு மஞ்சள் கலந்த வெள்ளையை எடுத்துப் போட்டார். "சின்ன வீடு லா. 470 போட்டா பெட்ரோல் ஸ்டேஷன் மாதிரி எரியும்" என்று மலாயில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் எரித்துப் பார்த்தேன். 470இல் கிட்டத்தட்ட 19 மில்லியாம்பியர் ஓடுகிறது, 1000இல் 9. மனிதர் சொன்னது நூற்றுக்கு நூறு. குட்டி வீட்டில் வெளிச்சம் கூடினால் முதலில் கண்ணில் படுவது பசை வழிந்த இடம்தான்.

பொம்மை வீட்டுக்கு எதற்குக் கரண்டு என்று என் அண்ணன் கேட்டார். 1921இலிருந்து 1924 வரை லட்யன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் இங்கிலாந்து ராணி மேரிக்காக 1:12இல் கட்டிய வீட்டில் கரண்டு, குழாயில் தண்ணீர், லிஃப்ட் எல்லாமே வேலை செய்தன. வின்ட்சர் கோட்டையில் இன்னும் இருக்கிறது. அண்ணன், "அது ராணி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.


நுனியிலை (பட்டர்வொர்த்)

நான் வீடு கட்டுவதில்லை. வீட்டுக்குள் வைக்கிற சாப்பாடு மட்டும் செய்வேன். வாழையிலைச் சாப்பாடு என்றால் எனக்கு உயிர். 1:12இல் இலை ஒன்றரை அங்குலம், வடை ஐந்து மில்லிமீட்டர். நடுவில் ஊசியால் ஓட்டை. பாலிமர் களிமண்ணில் செய்து 130 டிகிரி பக்கத்தில் சுட்டு எடுப்பேன். காற்றில் காய்கிற களிமண் எனக்கு ஒத்துவரவில்லை. நம் ஊர் ஈரத்துக்கு ஆறஅமரத்தான் காயும், காய்ந்ததும் சுருங்கி வெடிக்கும்.

ஒரு தோழியின் குட்டி வீட்டுக்காக ஒரு பந்தி முழுக்கச் செய்து, பெட்டியில் வைத்து ஃபெரியில் ஜார்ஜ்டவுனுக்கு எடுத்துப் போனேன். ஃபெரி ஆடும் என்று மூடியைத் திறந்து பார்த்தேன், அதுதான் வினை. பக்கத்திலிருந்த மலாய்க்காரப் பிள்ளை எட்டிப் பார்த்தது, அதன் அம்மா எட்டிப் பார்த்தார், அப்புறம் ஒரு சின்னக் கூட்டமே கூடிவிட்டது. அதில் ஒரு தமிழ்ப் பாட்டி. மற்றவர்கள் எல்லாம் "கோமேல், கோமேல்" (மலாயில் அழகு, அழகு) என்று கொஞ்சிக்கொண்டிருக்க, பாட்டி மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்.

"இலையைத் திருப்பிப் போட்டிருக்கியே ஆயா. நுனி வலப்பக்கம் வருது பாரு."

"பாட்டி, நீங்க பந்திக்கு எதிர்ப்பக்கம் நிக்கிறீங்க. இந்தப் பக்கம் வந்து பாருங்க."

ஆடுகிற ஃபெரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாட்டி சுற்றி வந்து என் பக்கம் நின்றார். நுனி இடப்பக்கம். உப்பு இருக்கிறதா என்று தேடினார், இருந்தது. ஊறுகாய், இருந்தது. அப்பளத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ரசம் எங்கே?" ரசம் இரண்டாவது முறை போடும் சோற்றுக்குத்தானே வரும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அப்போ சரி" என்றார். எந்தப் போட்டியில் பரிசு வாங்கியிருந்தாலும் எனக்கு அவ்வளவு பெருமை வந்திருக்காது.

இன்னொன்று, சுருக்கமாக. ஒரு நிறுவனத்திலிருந்து கூப்பிட்டு, முழுப் பந்தியை இலவசமாகச் செய்து தரச் சொன்னார்கள், "உங்களுக்கு விளம்பரம் கிடைக்கும்" என்று. விளம்பரத்தை வைத்துக் களிமண் வாங்க முடியாது என்று சொல்லிப் போனை வைத்தேன். இந்த மாதிரி ஆட்கள் எல்லாருக்கும் வருவார்கள், தெரிந்துகொள்ளுங்கள்.


புதுசு (கெப்போங், கோலாலம்பூர்)

கதை இன்னும் சேரவில்லை, கேள்விதான் இருக்கிறது. ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடியை சூப்பர் குளூ போட்டு ஒட்டினால் மறுநாள் வெள்ளை பூத்துவிடுகிறதே, ஏன்? அட்டைச் சுவரும் வளைகிறது.


தீம்பார் பேத்தி

சூப்பர் குளூ காயும்போது அதிலிருந்து ஆவி கிளம்பும். அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பக்கத்தில் வெள்ளையாகப் படியும். நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? ஜன்னலுக்கு மட்டும் வெள்ளைப் பசை போடுங்கள். காய நேரமாகும், ஆனால் கண்ணாடிபோல் காய்ந்துவிடும். அட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் சாயம் அடித்தால் அந்தப் பக்கம் இழுக்கத்தான் செய்யும். உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி அடித்து, நிமிர்த்தி வைத்துக் காய விடுங்கள்.


பின்கதவு (ஜெலுத்தோங், பினாங்கு)

"இந்த வயசுல பொம்மை வீடா?" என்று கேட்காத கல்யாண வீடு இல்லை எனக்கு. முன்பெல்லாம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இப்போது பதில் வைத்திருக்கிறேன். ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற பணக்காரப் பெண்மணி 1686இலிருந்து 1710 வரை சேர்த்துச் சேர்த்து ஒரு பொம்மை வீடு செய்தார். அது குழந்தைக்கு இல்லை, அவருக்கே. அந்தச் செலவில் கால்வாய்க் கரையில் நிஜ வீடே வாங்கியிருக்கலாம். இப்போது அது ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. இதைச் சொன்னால் பெரும்பாலும் "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

எங்கள் அடுக்குமாடியில் ஓய்வுபெற்ற போலீஸ் அங்கிள் ஒருவர் இருக்கிறார். அவரும் இதே கேள்வியைத்தான் கேட்டார். அவருக்கு வேறு கதை சொன்னேன். அமெரிக்காவில் பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ என்ற அம்மா 1940களில் 1:12 அளவில் அறைகள் செய்தார், ஒவ்வொன்றிலும் ஒரு சாவு நடந்திருக்கும். தற்கொலையா, கொலையா, விபத்தா என்று போலீஸ்காரர்கள் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஓர் அறைக்கு 90 நிமிடம். பொம்மைகளுக்குப் போடும் காலுறையைக்கூடக் குண்டூசியால் பின்னினாராம். அவற்றில் 18 அறைகளை இன்றும் பால்டிமோரில் பயிற்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

அங்கிள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு முன்னால் குனிந்தார். எதையும் தொடவில்லை. முன்னறை, படுக்கையறை, அடுப்படி என்று வரிசையாகப் பார்த்தார். என் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள், அது ஆறிப்போனது.

"பின்கதவு திறந்திருக்கு" என்றார்.

"காத்துக்காகத் திறந்து வெச்சேன் அங்கிள்."

"அடுப்புல பானை இருக்கு. மேசையில ரெண்டு கிளாஸ். வீட்ல ஒரு நாற்காலிதான். அப்போ வந்தவன் நின்னுக்கிட்டே குடிச்சிருக்கான். உட்காரச் சொல்லல. வேண்டாத ஆளு."

இரண்டாவது கிளாஸ் நன்றாக வந்திருந்தது, வீணாக்க மனமில்லாமல் வைத்தேன், அவ்வளவுதான். அதைச் சொன்னால் ஏற்றுக்கொள்ளும் மனநிலையில் அவர் இல்லை. இப்போது வாரக் கடைசியில் வந்துவிடுகிறார். நான் ஒரு சாமானை இடம் மாற்றி வைத்தால் போதும், வாசலிலேயே கண்டுபிடித்துவிடுகிறார். அடுத்த வீட்டில் ஒரு சம்பவம் வைத்துச் செய்து தா தம்பி, நான் கண்டுபிடிக்கிறேன் என்று ஒரே பிடிவாதம். மனைவி சாமி மாடம் இருக்கிற வீட்டில் அதெல்லாம் கூடாது என்கிறாள். திருட்டு மட்டும் வைக்கலாம் என்று பேசி முடித்திருக்கிறோம்.