செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டும் அரிவாள் கழன்று தலையில் விழாமல் இருக்க என்ன வழி?

மலேசியா, கோல சிலாங்கூர் மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்):
இங்கே மரமெல்லாம் 8 மீட்டருக்கு மேல். அலுமினியக் கம்பு நுனியில் கிளாம்ப் போட்டு அரிவாள் மாட்டுகிறோம். நட்டு சீக்கிரமே தளர்ந்துவிடுகிறது. டியூப் ரப்பர் சுற்றினால் போதுமா? ஹெல்மட் இருந்தால் பயமில்லையா?

பட்டறைக்காரன்:
ரப்பரை நம்பாதீர்கள். சாதா நட்டை எடுத்துவிட்டு நைலான் வளையம் உள்ள லாக் நட்டு போடுங்கள். கழற்றினால் மறுபடி புதுசு போட வேண்டும். இறுக்கியபின் நட்டு, கிளாம்ப் இரண்டிலும் படும்படி ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் தளர்ந்துவிட்டது. காலையில் ஒரு பார்வை போதும். போல்ட் ஓட்டை நீளவாக்கில் தேய்ந்திருந்தாலோ ஓரத்தில் வெடிப்பு இருந்தாலோ எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. அந்த முனையை அறுத்துவிட்டுப் புது ஓட்டை போடுங்கள்.

அரிவாள் மழுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே இழுப்பில் வெட்டாததை நாலைந்து தடவை வெடுக்கென்று இழுப்பார்கள். அந்த அதிர்வுதான் நட்டைக் கழற்றும்.

சேஃப்டி அண்ணன்:
இஎன் 397 என்ற ஐரோப்பியத் தர ஹெல்மட்டின் மேல் 5 கிலோ எடையை 1 மீட்டரிலிருந்து போட்டுச் சோதிப்பார்கள், அந்த அடியின் ஆற்றல் சுமார் 49 ஜூல். 20 கிலோ குலை 8 மீட்டரிலிருந்து விழுந்தால் 1,500 ஜூலைத் தாண்டும். ஆகவே நிற்கும் இடம்தான் முக்கியம். வெட்டுபவர் குலைக்கு நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் நிற்கட்டும். உதிரி பொறுக்குபவர், மரமும் கம்பும் எட்டாத தூரத்தில்.

தாடை வாரைக் கட்டச் சொல்லுங்கள். அண்ணாந்து பார்த்தவுடனே வாரில்லாத ஹெல்மட் பின்னால் விழுந்துவிடும். உள்ளே துண்டைச் சுருட்டி வைக்கக்கூடாது. அடியை வாங்கிக்கொள்வதே ஓட்டுக்கும் தலைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மட்டைத் தூக்கிப் போடுங்கள்.

தோட்டத்து டிரேசர் (மருந்தக உதவியாளர்):
அடிபட்டால், சுத்தமான துணியை வைத்து விடாமல் 10 நிமிடம் அழுத்துங்கள். எலும்பு உள்ளே அமுங்கியிருந்தால் அழுத்த வேண்டாம், துணியால் லேசாக மூடினால் போதும். கழுத்து வலித்தால் அசைக்காதீர்கள். "ஒன்னுமில்லண்ணே" என்று எழுந்து போகிறவரைத் தனியாக லயத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, காது மூக்கில் தண்ணீர் போல் ஒழுகுதல்: இதில் எது வந்தாலும் அவசர எண் 999-ஐ அழையுங்கள். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவு கூடும்.

விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தெரிவிக்க வேண்டும். 2019 ஜனவரி முதல், பெர்மிட் உள்ள வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இது பொருந்தும்.