மேகத்துக்கு மேலே ஒரு மலூட்டி
(தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த உம்லாங்கா தமிழ்க் குடும்பங்கள் குழு, ஞாயிறு மாலை)

5:48
முருகேசன்: வீடு வந்து சேர்ந்துவிட்டோம். மலையடிவாரத்து ஹிம்வில்லில் இருந்து மதியமே கிளம்பினோம், வழியெல்லாம் பனிமூட்டம். பிள்ளைகள் காரிலேயே தூங்கிவிட்டார்கள்.

5:49
முருகேசன்: (4 படங்கள்)

5:53
வள்ளி: இரண்டாவது படத்தில் பாறைக்குக் கீழே வெள்ளையாக இருப்பது பனியா?

5:54
முருகேசன்: மேகம் அக்கா. நாங்கள் மேலே நிற்கிறோம், மேகம் காலுக்குக் கீழே கிடக்கிறது. பனி மூன்றாவது படத்தில், நிழல் விழும் பாறை இடுக்குகளில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

5:56
தினேஷ்: அண்ணா, கையில் இருக்கிற பாட்டில் என்ன? கேஸில் பீர் மாதிரித் தெரியவில்லையே.

6:07
முருகேசன்: மலூட்டி. லெசோத்தோ பீர், மசேருவில் தயாராகிறது. லெசோத்தோவுக்குள் ஏறும் சானி பாஸ் மலைப்பாதையின் உச்சியில் எல்லைச் சாவடியை ஒட்டியே ஒரு பப் இருக்கிறது. 2,874 மீட்டர் உயரம், ஆப்பிரிக்காவிலேயே உயரமான பப் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்ததும் நுரை பொங்கி என் கையெல்லாம் வழிந்தது. காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான் இருக்கும், அதனால்தான் அப்படிப் பொங்குகிறதாம், பப்பில் இருந்தவர் சொன்னார். லாகர்தான், வித்தியாசமான ருசி என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாசலில் நின்று, ஏறி வந்த பாதை கீழே பாம்பு மாதிரி வளைந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வாயாகக் குடித்தேன். அரை மணி நேரம் ஆனது ஒரு பாட்டிலுக்கு. கை விறைத்துவிட்டது, உள்ளே போய்க் கணப்பில் குளிர்காய்ந்துவிட்டு மறுபடி வெளியே வந்தேன். அந்த பீரை வீட்டு சோபாவில் உட்கார்ந்து குடிக்க எனக்கு ஆசையே இல்லை.

6:09
தினேஷ்: போதும் அண்ணா, நானும் போகிறேன். செப்டம்பர் 24 ஹெரிட்டேஜ் டே, பொது விடுமுறை, வியாழன். வெள்ளி லீவு போட்டால் நான்கு நாள் கிடைக்கும். வழியெல்லாம் சொல்லுங்கள்.

6:21
முருகேசன்: என் த்ரீ நெடுஞ்சாலையில் ஹோவிக் வரை போ. ஊருக்கு நடுவிலேயே அருவி, 95 மீட்டர் விழுகிறது, கம்பி வேலி ஓரம் நின்று பார்க்கலாம். அங்கிருந்து பக்கத்தில் மண்டேலாவை 1962 ஆகஸ்ட் 5 அன்று கைது செய்த இடம். 50 எஃகுத் தூண்கள் நட்டிருக்கிறார்கள். பக்கத்தில் போனால் வெறும் கம்பிகள்தான். 35 மீட்டர் தள்ளி ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் அவர் முகம் தெரியும். என் மகள் முன்னும் பின்னும் நடந்து நடந்து அந்த இடத்தைக் கண்டுபிடித்து, "அப்பா, வந்துவிட்டார்" என்று கத்தினாள்.

6:24
முருகேசன்: அப்புறம் நாட்டிங்ஹாம் ரோடு. சின்ன ஊர், சொந்தமாக ப்ரூவரி வைத்திருக்கிறார்கள். பிக்கிள்ட் பிக் போர்ட்டர் என்று ஒரு கறுப்பு பீர். வறுத்த காபிக்கொட்டையும் கருப்பட்டியும் கலந்த மாதிரி இருக்கும், பாதியோடு நிறுத்த மனம் வரவில்லை. விசிலிங் வீசல் என்ற இன்னொரு பீர் லேசானது, வெயிலுக்கு அதுதான் சரி. இரவு அங்கேயே தங்கிவிட்டோம். மறுநாள் புல்வர், அண்டர்பெர்க் வழியாக ஹிம்வில்.

6:26
வள்ளி: சானிக்கு உங்கள் வாடகைக் காரிலேயா ஏறினீர்கள்?

6:33
முருகேசன்: அதில்தான் அக்கா ஒரு நாள் வீணானது. கார் கொடுத்தவர்கள் தாராளமாகப் போகும் என்று சொல்லி அனுப்பினார்கள். தென்னாப்பிரிக்கச் சாவடியில் காரைப் பார்த்ததுமே திருப்பிவிட்டார்கள். அதற்கு மேல் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோர் வண்டி மட்டும்தான். வாடகை வண்டி எல்லை தாண்டக் கடிதம் வேறு வேண்டுமாம், அதைப் பற்றியும் எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சின்னவன் அழுதே விட்டான். மறுநாள் ஹிம்வில்லில் இருந்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் இடம் பிடித்தோம். இப்போது யோசித்தால் அதுதான் நல்லது என்று படுகிறது. இரண்டு சாவடிக்கும் நடுவில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர், கடைசி வளைவுகளில் சரளைக்கல் உருளுகிறது. ஓட்டுபவருக்கு மலையைப் பார்க்க நேரமே இருக்காது.

6:35
முருகேசன்: தினேஷ், பாஸ்போர்ட் எல்லோருக்கும் வேண்டும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு லெசோத்தோ விசா விவரத்தை நாளைக்கே விசாரி. சாவடி மாலை 6 மணிக்கு மூடிவிடும், மேலே மாட்டிக்கொள்ளாதே.

6:41
பிரியா: அண்ணா, நாலாவது படத்தில் குடிசை மேல் ஒரு வெள்ளைத் துணி பறக்கிறதே, அது என்ன?

6:48
முருகேசன்: நல்லவேளை கேட்டாய். வெள்ளைக் கொடி கட்டியிருந்தால் அந்த வீட்டில் ஜோவாலா இருக்கிறது என்று அர்த்தம். சோளத்தில் காய்ச்சும் வீட்டு பீர். சிவப்புக் கொடி என்றால் இறைச்சி, பச்சை என்றால் காய்கறி. எங்களைக் கூட்டிப்போனவர் இறக்கிவிட்டார். போர்வை போர்த்திய ஒரு அம்மா பிளாஸ்டிக் டிரம்மில் இருந்து தகரக் குவளையில் மொண்டு கொடுத்தார். புளிப்பு. கெட்டியாக, அடியில் மாவு தங்கி இருந்தது. எனக்கு உடனே எங்கள் ஊர்க் கம்பங்கூழ் நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொன்னால் மலூட்டியைவிட இதுதான் எனக்குப் பிடித்தது.

6:58
பிரியா: அப்படியே இங்கே வீட்டில் காய்ச்சும் உம்கொம்போத்தி பீர் மாதிரி இருக்கிறதே! போன வருடம் என்னோடு வேலை செய்யும் ஜூலு பெண் தன் வீட்டு விசேஷத்துக்கு அழைத்திருந்தாள், வேலி ஆஃப் எ தவுசண்ட் ஹில்ஸ் பள்ளத்தாக்குப் பக்கம். அவள் பாட்டிதான் காய்ச்சியிருந்தார். மக்காச்சோள மாவும் முளைகட்டிய சோள மாவும் கலந்து, கொதிக்க வைத்து, ஆற வைத்துப் புளிக்க விடுவார்களாம். அப்புறம் புல்லில் பின்னிய நீளமான பையில் ஊற்றி முறுக்கிப் பிழிந்தார்கள், நம் வீட்டில் தேங்காய்ப்பால் துணியில் பிழிகிற மாதிரி. கறுப்பு மண்பானையில் ஊற்றி முதலில் பாட்டியே ஒரு வாய் குடித்தார். விருந்தாளிக்குக் கொடுப்பதை வீட்டுக்காரர் முதலில் குடித்துக் காட்ட வேண்டுமாம். பிறகு ஒரே பானை, எல்லோர் கைக்கும் சுற்றி வந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துதான் வாங்கினார்கள். போதை ரொம்பக் குறைவு. குடித்துவிட்டுக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தோம்.

7:02
தினேஷ்: இத்தனை வருடம் இங்கே இருக்கிறேன், ஒரு தடவைகூடக் குடித்ததில்லை.

7:19
கோவிந்தன் அங்கிள்: பிரியாம்மா எழுதியதைப் படித்ததும் என் அம்மா நினைவு வந்துவிட்டது. அந்தப் பானைக்காக இந்த ஊரில் பெண்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். 1908இல் ஒரு சட்டம் வந்தது. அதை வைத்து இந்த பீரை விற்கும் உரிமையை டர்பன் நகராட்சி தானே எடுத்துக்கொண்டது. பீர் ஹால் கட்டி விற்றார்கள், வீட்டில் காய்ச்சினால் குற்றம். டர்பனில் கேட்டோ மேனர் பகுதியில் எங்கள் குடும்பத்துக்குக் காய்கறித் தோட்டம் இருந்தது. போலீஸ் வந்து பக்கத்து வீட்டு டிரம்களைக் கவிழ்த்துவிட்டுப் போவார்களாம், மண் முழுக்கப் புளிப்பு வாசனை அடிக்குமாம், அம்மா சொல்வார். 1959 ஜூனில் அங்கே பெண்கள் கம்போடு பீர் ஹாலுக்குள் நுழைந்து, உள்ளே குடித்துக்கொண்டிருந்த ஆண்களை விரட்டினார்கள். நான் அப்போது பிறக்கவில்லை. பிறகு எங்களையும் இந்தியர்களுக்கென்று நிறவெறி அரசு ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிவிட்டார்கள், தோட்டமும் போயிற்று. இன்று ஒரு பாட்டி தன் வீட்டு முற்றத்தில் யாருக்கும் பயப்படாமல் காய்ச்சி ஊற்றுகிறார் என்று கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. யாராவது அந்தப் பானையை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

7:22
பிரியா: அங்கிள், இது எதுவுமே எனக்குத் தெரியாது. நாளைக்கு அவளிடம் கட்டாயம் பேசுகிறேன்.

7:25
தினேஷ்: அங்கிள், நீங்களும் எங்களோடு வாருங்கள். மலையும் மலூட்டியும் காத்திருக்கின்றன.

7:31
கோவிந்தன் அங்கிள்: தம்பி, இந்த வாரம் புரட்டாசி பிறக்கிறது. வீடு கழுவி, பாத்திரம் எல்லாம் மாற்றியாகிவிட்டது. மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கறி, மீன், மது எதுவும் கிடையாது. என் ஆயா காலத்தில் இருந்து ஒரு வருடமும் தவறியதில்லை.

7:33
தினேஷ்: ஐயோ, நான் யோசிக்கவே இல்லை. மன்னியுங்கள் அங்கிள். தேதியை மாற்றிவிடலாமா?

7:40
கோவிந்தன் அங்கிள்: மாற்றாதே. நீ போர்ட்டரும் குடி, மலூட்டியும் குடி, எனக்கு ஒன்றும் இல்லை. என் பக்கி, அதாவது பிக்கப் வண்டி, ஃபோர் பை ஃபோர், இரண்டு வரிசை இருக்கை உள்ள டபுள் கேப். சானிக்கு நான் நாலைந்து முறை ஏறியிருக்கிறேன். ரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம் ஆல்கஹால் தாண்டினால் சட்டப்படி தப்பு, அந்த வளைவுகளுக்கு என் கணக்கு அதைவிடக் குறைவு, ஒரு துளிகூடக் கூடாது. புரட்டாசியில் நான் ஓட்டினால் உன் மனைவி நிம்மதியாக இருப்பாள்.

7:41
தினேஷ்: அங்கிள்!! இதைவிட என்ன வேண்டும்.

7:44
வள்ளி: அப்படியென்றால் வழிச் சாப்பாடு என் பொறுப்பு. புளியோதரை, கொண்டைக்கடலைச் சுண்டல், தயிர்சாதம். முட்டை எதுவும் சேர்க்க மாட்டேன் அங்கிள். வெங்காயம் போடலாமா?

7:46
கோவிந்தன் அங்கிள்: வெங்காயம் போடலாம் அம்மா. சனிக்கிழமைக்கு மட்டும் வேண்டாம்.

7:52
முருகேசன்: அங்கிள், உங்களுக்காக ஒரு மலூட்டி எடுத்து வந்திருந்தேன், இன்று கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். என் ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும்.

7:55
கோவிந்தன் அங்கிள்: இருக்கட்டும். தீபாவளிக்கு வருகிறேன், பாதிப் பாதி.